காலடியில் வைத்த மூட்டை

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து மாமல்லபுரத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். ஏகாம்பரம் இறந்துவிட்டதை அவர் மனைவியிடம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேனே என்றுதான் நடந்தேன்.

ஐந்தாம் வகுப்போடு வீட்டை விட்டவன் நான், எங்கும் நிலைத்ததில்லை. அவரோடுதான் ஒரு வருடம் தங்கினேன். அவர் மனைவி, என் அண்ணி, செய்யும் சங்கு விளக்குகளை ஸ்கூட்டரில் கொண்டுபோய், செங்கல்பட்டு ரயிலடியில் இருவரும் விற்போம். மூட்டை எப்போதும் என் மடியில் இருக்கும். அன்று காலை, "அண்ணாத்த, தொடையில குத்துது. உன் காலாண்ட வச்சிக்கயேன்" என்றேன்.

"குடு. சங்கு இன்னா கடிச்சிடவா போவுது?" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஒரு மாட்டுவண்டி குறுக்கே திரும்பியது. மூட்டையிலிருந்து உருண்ட ஒரு சங்கு கால் பிரேக்குக்கு அடியில் சிக்கியிருந்தது. அவர் மிதித்தார், பிரேக் இறங்கவில்லை. கைப் பிரேக்குக்கு நிற்காத ஸ்கூட்டர் மாட்டுவண்டியில் போய் மோதியது. நான் மணலில் விழுந்து பிழைத்தேன்.

மாமல்லபுரத்தில், பிரேக்கில் ஏதோ சிக்கியதாக நான் சொன்னதைக் கேட்ட அண்ணி, "பிரேக்குல இன்னா மாட்டிகினு இருந்துச்சி?" என்றார்.

"கல்லு, அண்ணி" என்றேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, ஊரை விட்டுப் போகாமல், பஸ் நிலையத்தில் மூட்டை ஏற்றும் வேலையில் சேர்ந்தேன். யார் கெஞ்சினாலும் டிரைவர் காலடியில் ஒரு பைகூட வைக்க விடுவதில்லை.