பொட்டாசியம் ஏழு

அடுகோடிப் பகுதியில் என் கணவரை வாந்தி மயக்கத்துக்காகச் சேர்த்திருந்த மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனை செய்யும் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஒல்லியான, நடுவயதுக்காரர். எந்த ரிப்போர்ட்டையும் விரல் வைத்து இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

அன்று என் கணவரின் ரிப்போர்ட்டை மூன்றாம் முறையும் வாசித்தார். "பொட்டாசியம் ஏழு காட்டுதுக்கா."

"அப்படின்னா?"

"பொட்டாசியம் ஒரு எலக்ட்ரானை இழந்து, பாசிட்டிவ் சார்ஜோட அயனியா ரத்தத்துல இருக்கும். அது செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வந்தாத்தான் இதயம் துடிக்கும். ரத்தத்துல ரொம்பக் கூடினா நின்னுடும்."

நான் கட்டிலில் கிடந்த கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆனா ரத்தம் எடுக்கறப்ப ரத்த அணுக்கள் உடைஞ்சு, உள்ள இருக்கற பொட்டாசியம் வெளிய கலந்தாலும் இப்படிக் காட்டும். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். திரும்ப எடுக்கறேன்."

கணவரின் இன்னொரு கையில் மெதுவாக ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினார். நான் கட்டிலருகே அவருடைய இதயத் துடிப்பைக் காட்டிய ஈசிஜி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரைமணி கழித்து, போனில் சொல்லாமல் மூன்று மாடி ஏறி அவரே வந்தார். "நாலுதான்க்கா. நார்மல்."

நான் அழுதுவிட்டேன். அவரோ சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கொடுத்த டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். தினமும் எத்தனையோ பேரின் ரத்தத்தைப் பார்ப்பவர். எல்லோருக்காகவும் இப்படித்தான் பயப்படுவாரா? கேட்க நினைத்தேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.