அந்தோனியாரைத் தூக்கிக்கொண்டு ஓடிய மேர்வின்

மேர்வின் பத்தொன்பது வருடம் ஜேர்மனியில் இருந்தவர். அங்கே சின்ன ஊர்களில் நெருப்பை அணைப்பது ஊர்க்காரர்தான், சம்பளம் கிடையாது. அப்படி ஒன்பது வருடம் தண்ணீர்க் குழாய் பிடித்தார். 2016இல் லண்டன் இல்ஃபோர்டுக்குக் குடிவந்த நாலாம் நாளே தீயணைப்பு நிலையத்துக்குப் போய், "சும்மா வேலை செய்யிறன், சேருங்கோ" என்று கேட்டார். லண்டனில் அப்படி ஆள் எடுப்பதில்லை என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் மண்டபத்துக்கு ஒரு தீப் பாதுகாப்புத் தொண்டர் தேவை என்று அறிவித்தபோது, வசனம் முடியமுன் கையை உயர்த்தியவர் அவர். அடுத்த ஞாயிறு ஜேர்மன் தலைக்கவசத்தோடு பூசைக்கு வந்தார்.

"இஞ்சரப்பா, கிடாரத்தைத் தலையில கவிட்டுக்கொண்டே நற்கருணை எடுக்கப் போறியள்?" என்றார் மனைவி பெர்னடெற். கவசம் கதிரைக்கடியில் போனது.

மண்டபப் பொறுப்பாளர் ஜேனட் என்ற வெள்ளைக்காரப் பெண். தீ மணி அடித்தால் நாலு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியே நிற்கவேண்டும், இல்லாவிட்டால் ஜூன் 16 அந்தோனியார் திருநாளுக்கு மண்டபம் இல்லை என்றார். இரண்டு ஒத்திகைக்கு இடம் கொடுத்தார். நேரம் குறிப்பது என் பொறுப்பு.

முதல் ஒத்திகை: 2024 மே 12, காலை 11.47. ஆட்கள் 93. எடுத்த நேரம் 14 நிமிடம் 20 செக்கன். இதில் கோட்டுத் தேடியது நாலு நிமிடம். "போட்டு வாறம்" என்று ஒருவருக்கொருவர் விடைபெற்றது ஐந்தரை நிமிடம். வாசலில் இரண்டு பெரியவர்கள், "நீங்கள் முதல் போங்கோ அண்ணை", "சீச்சீ, நீங்கள் போங்கோ" என்று நின்றது மூன்று நிமிடம் பத்துச் செக்கன். அந்த இருவரில் ஒருவன் நான்.

மேர்வின் இடிந்துபோனார். அடுத்த இரண்டு ஞாயிறும் பூசை முடிய, கதவைத் திறந்து தானே ஓடிக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இரண்டாவது ஒத்திகை ஜூன் 2, காலை 11.52. ஆட்கள் 88. மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. மேர்வின் குசினிக்கு ஓடினார். அங்கே எங்கள் மரினா, பூசை முடியச் சாப்பிட றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

"வெளியில போ பிள்ளை!"

"இன்னும் பன்னிரண்டுதான் அண்ணை. முடிச்சிட்டு வாறன்."

"நெருப்பு காத்துக்கொண்டு நிக்குமோ?"

"நெருப்பு எங்கை? மணிதானே அடிக்குது."

ஒரு நிமிடம் முப்பத்தைந்து செக்கன் போய்விட்டது. கண்ணாடிக்கு வெளியே ஜேனட் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மேர்வின் மண்டபத்தைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார். பிறகு இரண்டடி உயர அந்தோனியார் சுரூபத்தை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு பக்கக் கதவால் பாய்ந்தார்.

"ஐயோ, இந்த மனிசன் அந்தோனியாரைக் கொண்டு ஓடுது!" என்று பெர்னடெற் கத்தினார்.

சுரூபம் வெளிக்கிட்டால் எங்கள் சனம் உள்ளே இருக்காது. கோட்டு இல்லை, போட்டு வாறம் இல்லை. சிலர் சுற்றுப்பிரகார ஊர்வலம் என்று நினைத்தார்கள், சிலர் களவு என்று நினைத்தார்கள், ஆனால் எல்லோரும் ஓடினார்கள். இரண்டு பேர் மூச்சு வாங்கியபடி செபமாலையும் தொடங்கிவிட்டார்கள். கடைசியாக மரினா, கையில் எண்ணெய்க் கரண்டியோடு. அடுப்பை அணைத்திருந்தார், பிறகு போய்ப் பார்த்தேன்.

2 நிமிடம் 51 செக்கன்.

ஜேனட் நேரத்தை எழுதிவிட்டு முகத்தைச் சுளித்தார். "பொருட்களை விட்டுவிட்டு வரவேண்டும் என்பது விதி. இது என்ன?"

மேர்வின் சுரூபத்தை இறக்கவில்லை. "பொருள் இல்லை. இவரும் எங்கட ஆள்."

ஜேனட் சிறிது யோசித்துத் தன் தாளில் 88ஐ வெட்டி 89 என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். இரண்டு பதிவும் ஒத்திருக்கவேண்டும் என்பதால் நானும் திருத்தினேன்.

திருநாளன்று ஊர்வலத்தில் சுரூபக் கூட்டை முன்னால் தூக்கும் பொறுப்பு மேர்வினுக்குக் கொடுக்கப்பட்டது. தலையில் கவசம். பெர்னடெற் அதன் பட்டியை இறுக்கிவிட்டார்.

"மெதுவா நடவுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றிவர 41 நிமிடம் எடுத்தது.