குழாயில் கேட்ட பெண்குரல்

என் தொண்டையில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்று எங்கள் ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வார். அவர் பெருமையாகத்தான் சொல்வார், எரிச்சல் எனக்குத்தான். குடியிருப்பவர்களில் ஒருவன் ஆண். கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகர்களுக்குப் பாடிய கனத்த குரல் அவனுக்கு ஓரளவு வரும். இன்னொருத்தி பெண். விசிலெல்லாம் அவளுக்குத்தான்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. டிவியில் நாளுக்கொரு புதுப் பாட்டு வந்துகொண்டிருந்தாலும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பழைய பாட்டுக் கச்சேரிக்குத் தனிக் கிராக்கி இருந்தது. ஹார்பரிலும் ரயில்வேயிலும் ரிட்டையரான பெருசுகள்தான் விழாக் கமிட்டிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் கல்யாணமான காலத்தில் வந்ததுதான் பாட்டு, அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் இரைச்சல். அவர்கள் புண்ணியத்தில் எங்கள் பிழைப்பு ஓடியது. பகலில் மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை செய்தேன். சாயங்காலமானால் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு மேடையில் நிற்பேன்.

பழைய பாட்டில் பாதி டூயட். அதற்குப் பாடகி வேண்டும். எங்களுக்குப் பாடுகிற அம்மாள் அம்பத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி வரவேண்டும். ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் ஹைரோட்டில் வரிசை கட்டி நின்றுவிட்டால் அப்புறம் பஸ்ஸாவது நகர்வதாவது. அப்படி ஒரு நாளில்தான் எங்கள் ஆர்கெஸ்ட்ராக்காரர் என்னைப் பார்த்து, "நீயே ரெண்டு பேருக்கும் பாடேம்பா" என்றார். வேடிக்கையாகத்தான் பாடினேன். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது. எனக்குச் சனி அன்றைக்குப் பிடித்தது.

ஆண் வரியை ஜனங்களைப் பார்த்துப் பாடுவேன். பெண் வரி வந்ததும் தபேலாக்காரர் பக்கம் திரும்பி, கையால் வாயை மறைத்துக்கொள்வேன். என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும் என்று எனக்கு ஒரு எண்ணம். மீசை வேறு பெரிதாக வைத்திருந்தேன். "இன்னா கண்ணு, இப்டித் திரும்பு" என்று கீழேயிருந்து எவனாவது கத்துவான். சிரித்துக்கொண்டே பாடி முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வள்ளென்று விழுவேன். வெட்கமாக இருந்தது, வேறொன்றுமில்லை.

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. பெண்ணின் அப்பா ரயில்வேயில் பாரம் தூக்குகிற கலாசி. வாலிப வயதில் பாக்ஸிங் போட்டவர், மூக்கு ஒரு பக்கமாக அமுங்கியிருக்கும். அவர் கை கொடுத்தபோது என் விரல்கள் நொறுங்காமல் தப்பியது பெரிய விஷயம். பெண் காபி கொண்டு வந்தாள். என் மீசையைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது. "என்னம்மா படிச்சிருக்க?" என்று என் அம்மா கேட்டதற்குப் பெண்ணின் அம்மா முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"பன்னெண்டாவது படிச்சிருக்குங்க. அதுக்கு சளி புடிச்சுகினு தொண்ட கட்டிகினு கீது. பேச முடியல."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குரலைக் கேட்காமலேயே நாங்கள் கிளம்பினோம்.

என் அம்மா மட்டும் சளைத்தவரா? "பையன் நல்லா பாடுவான், எல்லாம் பழைய பாட்டு, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது" என்பதோடு நிறுத்திக்கொண்டார். படி இறங்கி வந்ததும் என்னை ஓரங்கட்டி, "அந்தப் பொம்பளக் கொரல் சமாசாரத்த இப்ப எடுக்காத. கல்யாணம் ஆவட்டும், நானே பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றார். எனக்கும் அதை எடுக்கிற எண்ணம் இல்லை. ஆடி பிறக்க இருந்ததால் ஆவணியில் பூ வைத்துவிடலாம் என்று பேச்சு.

அந்த ஆடியில் டோல்கேட் பக்கம் ஒரு தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். சாயங்காலம் எங்கள் கச்சேரி. பாடகி அன்றைக்குக் கட்டாயம் வந்துவிடுவார் என்று நான் சொன்னதை நம்பி, அம்மா சம்பந்தி வீட்டாரை அழைத்துவிட்டார். நான் ஆண் வரியை மட்டும் மிடுக்காகப் பாடுவேன், அவர்கள் பார்த்துப் பூரித்துப்போவார்கள் என்பது அம்மாவின் கணக்கு. முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

பாடகி வரவில்லை. ஹைரோடு முழுக்கக் கண்டெய்னர் லாரி. துண்டு போட்ட நாற்காலிகளும் காலியாகவே இருந்தன. எனக்கு அப்பாடா என்று இருந்தது. சம்பந்தி வீட்டாரும் எங்கேயோ லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் வந்து சேர்வதற்குள் கச்சேரியே முடிந்துவிடும். வாழ்நாள் முழுக்கத் திட்டின அந்த லாரிகளை அன்றைக்கு ஒரு நாள் மனதார வாழ்த்தினேன். அந்தச் சந்தோஷத்தில் பெண்குரல் என்றைக்கும் இல்லாத சுகத்தோடு வந்தது. கொஞ்சுகிற இடத்தில் கொஞ்சினேன், சிணுங்குகிற இடத்தில் சிணுங்கினேன். பெருசுகள் சொக்கிப்போனார்கள்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் எங்கள் வாசலில் பெண்ணின் அப்பா வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டால் வரவில்லை. அம்மா நீட்டின தண்ணீர்ச் சொம்பையும் வாங்கவில்லை.

"நேத்து நாங்க வந்திருந்தோம்" என்றார்.

அம்மாவும் நானும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பஸ்ஸு நகரல. எறங்கி நடந்தே வந்தோம். கூட்டத்துல உள்ள பூர முடியல. தெரு மொனையில டீக்கடையாண்ட கம்பத்துல குழாய் கட்டி வுட்ருந்தாங்க. அதுக்குக் கீய நின்னு கேட்டுகினு இருந்தோம்."

குழாய் என்றால் புனல் ஸ்பீக்கர். மேடையிலிருந்து தெருமுனை வரைக்கும் விளக்குக் கம்பங்களில் கட்டியிருப்பார்கள். பாட்டு கணீரென்று கேட்கும். பாடுகிறவன் தெரியமாட்டான்.

"நேராவே கேக்கறேன் நைனா. யாரு அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணுங்க?"

"உன்னோட பாடிச்சே, அது. நானும் பாட்டு கேட்டு வளந்தவன்தான். நீ மூச்சு வுடற எடத்துல அது எடுக்குது. அது நிறுத்தற எடத்துல நீ எடுக்கற. ஒரு நூலு பிசகல. சொம்மா கூட நின்னு பாடறவங்களுக்கு அவ்ளோ ஒத்துமை வராது. வருசக்கணக்கா பழகினாத்தான் வரும். எம் பொண்ணு பக்கத்துல நின்னு கேட்டுகினு இருந்துச்சு. வூட்டுக்கு வந்து சோறு துன்னல."

ஒற்றுமை வராமல் எங்கே போகும்? இரண்டு குரலுக்கும் ஒரே நுரையீரல்தானே. எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. அவர் கையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"ஐயோ, அது இவன்தாங்க! பொம்பள மாரி பாடறதும் இவன்தான்" என்று அம்மா பதறினார்.

"எங் காதுல பூ சுத்தாதீங்கம்மா."

"டேய், பாடிக் காட்டுடா!"

வாயைத் திறந்தேன். முந்தின நாள் கொஞ்சின கொஞ்சலில் தொண்டை ரணமாகிக் கிடந்தது. முதலில் வெறும் காற்று வந்தது. அப்புறம் துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அவர் முகம் இன்னும் இறுகிவிட்டது.

"போதும்ப்பா. பூ வெக்கிறதுலாம் வாணாம். இதோட வுட்ருவோம்."

அவர் தெருவில் இறங்கி நடந்துவிட்டார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, பின்னாலேயே ஓடினேன். "மாமா, ஞாயித்துக்கெழம உங்க வூட்டுக்கு வரேன். தொண்ட சரியாயிடும். உங்க எல்லாரு முன்னாலயும் பாடறேன். அந்தக் கொரல் வரலன்னா அப்புறம் நீங்க சொல்றதுதான்" என்றேன். மாமா என்று அப்போதுதான் முதல்முறை கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் நான் பேசவே இல்லை. மிளகுப் பாலும் வெந்நீருமாகக் குடித்தேன். கம்பெனியில் எல்லாவற்றுக்கும் கையையே ஆட்டினேன், சூப்பர்வைசர் பல்வலி என்று நினைத்து அனுதாபப்பட்டார். நம் பாடகியைச் சாட்சிக்கு அழைத்துப் போகலாமா என்று ஆர்கெஸ்ட்ராக்காரர் யோசனை சொன்னார். ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மனிதர் முன்னால் நிற்பதைவிட லாரிக்கடியில் படுப்பது மேல் என்று எழுதிக் காட்டினேன். என் கவலையெல்லாம் குரலைப் பற்றித்தான். இந்தக் குரல் எப்போது தொலையும் என்று இருந்தவன், வந்துவிடு தாயே என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவும் நானும் மூன்று மாடி ஏறினோம். கீழே மைதானத்தில் பந்து விளையாடுகிறவர்களின் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றார். பெண் உள்ளே இருந்தாள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

மைக் இல்லை, தபேலா இல்லை. என்னையறியாமல் சுவர்ப்பக்கம் திரும்பினேன்.

"அங்க இன்னா? என்னைப் பாத்துப் பாடு" என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் குரலை எடுத்தேன். முதல் வரி பாதியில் உடைந்தது. என் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது தடவை எடுத்தேன். வந்தது. மெல்ல, பயந்து பயந்து வந்து, அடுத்த வரியில் நிமிர்ந்து நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் பாடுகிற பெண் யார் என்று பார்க்க வாசலுக்கு வந்து, என் மீசையைப் பார்த்து வாயைப் பிளந்தார். பெண்ணின் அப்பா எழுந்து என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டேப் ரிக்கார்டர் ஏதாவது இருக்கிறதா என்று எனக்குப் பின்னால் கிடந்த நாற்காலிக்கடியில் குனிந்து பார்த்தார்.

பெண் வரி முடிந்தது. அடுத்தது ஆண் பாட வேண்டிய இடம். எனக்கு இருந்த படபடப்பில் மூச்சு வாங்கியது, எடுக்க முடியவில்லை. அப்போது சமையலறையிலிருந்து அந்த வரி வந்தது. கனமான, அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். சுருதி பிசகவில்லை. பெண்ணுக்கு ஒரு அண்ணன் இருப்பதை என்னிடம் சொல்லவில்லையே என்றுதான் நினைத்தேன்.

பெண்தான் வெளியே வந்தாள். வரியை முழுசாக முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

"எனக்கு சளிலாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "எங் கொரலே இதான்."

அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஆவணி வரைக்கும் வாயத் தொறக்காதன்னு எவ்ளோ சொன்னேன்டீ!"

"அவரு தெறந்துட்டாருல்ல? நான் மட்டும் இன்னாத்துக்கு மூடிகினு இருக்கணும்?"

முன்னால் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவள் பேசினதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்களாம். அதிலிருந்து யார் வந்தாலும் இந்தச் சளிக் கதை. என் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சம்பந்தி, நீங்க மறச்சது ஒண்ணு, நாங்க மறச்சது ஒண்ணு, கழிச்சுக்கலாம்" என்றார். பெண்ணின் அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். அந்த அமுங்கின மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்க கச்சேரில பாடறது அம்பத்தூர்க்காரம்மான்னு டீக்கடையில சொன்னாங்க. அந்தப் பொண்ண கண்டுபுடிச்சு நாலு வார்த்த கேக்கணும்னு அம்பத்தூர் வரிக்கும் போறதா இருந்தேன்ப்பா" என்றார். எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். அவள் எதிரிலேயே நின்று அந்தக் குரலில் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தாள். எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தாளோ.

ஆவணியில் பூ வைத்தார்கள், தையில் கல்யாணம். வீட்டில் போன் வந்த புதிதில் அவள் எடுத்தால் "வணக்கம் சார்" என்பார்கள், நான் விளையாட்டுக்குக் குரலை மாற்றி எடுத்தால் "சார் இல்லீங்களா மேடம்?" என்பார்கள். இரண்டு பேரும் திருத்துவதில்லை.

அடுத்த ஆடியில் அதே தெருவில் எங்களுக்குக் கச்சேரி. வழக்கம்போல லாரி, வழக்கம்போல பாடகி வரவில்லை. பெண் வரி வந்தது. பழக்கதோஷத்தில் உடம்பு தபேலா பக்கம் திரும்பப் பார்த்தது. முன் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பவில்லை. கையையும் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. தெருவைப் பார்த்தே பாடினேன். "இன்னா கண்ணு!" என்று எவனோ கத்தினான், கத்திவிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

மாமனாரை மட்டும் நாற்காலியில் காணவில்லை. கச்சேரி முடிந்து தேடிக்கொண்டு போனால், தெருமுனை டீக்கடையில், அந்தக் குழாய்க்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் தோளைப் பிடித்து உலுக்கி, மேலே கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பொண்ணு இல்லப்பா அது. எங்க மாப்ள."