அகீலாவும் கறுப்புத் திரையும்

காத்தான்குடி அகீலாவை முகம் பார்த்து அறிந்தவர்களைவிட அவள் அடித்த எழுத்தை வாசித்தவர்கள் அதிகம். மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் மட்டுமல்ல, பாலம் கடந்து வவுணதீவுப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் தவணைப் பரீட்சையில் பேனையைக் கடித்துக்கொண்டு பார்த்த கேள்வித்தாள்களில் பாதிக்குமேல் அவள் கைபட்டவை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடிந்ததும் கலியாணம். கலியாணம் முடிந்ததும் கணவன் நிஹாலின் சின்ன அச்சகம். காலையில் அவள் தட்டச்சு செய்வாள், பகலுணவுக்குப் பின் அவன் பக்கம் அமைத்து அச்சடிப்பான். வெள்ளிக்கிழமை மட்டும் காலையிலும் அவனே போவான். ஒருமுறை வைரஸ் புகுந்து ஒரு தவணைக் கேள்விகள் முழுவதையும் தின்றுவிட்ட கோபத்தில் நிஹால்தான் கடைக் கணினியில் லினக்ஸ் ஏற்றினான். இருவருக்கும் அதில் நிஹாலின் பெயரில் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். வேலை முடிந்தால் மொனிட்டரை மட்டும் அணைப்பார்கள். திரை இருண்டால் கணினியும் ஓய்ந்தது என்பது அந்தக் கடையின் பழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போன நிஹால், கைகால் கழுவி ஒளுச் செய்யக் குனிந்த இடத்திலேயே சரிந்தான். காலையில் அவன் வாங்கிக்கொண்டு வந்து வைத்த மீனை அகீலா அப்போதுதான் கழுவி முடித்திருந்தாள். ஆள் வந்து சொன்னபோது, “எந்த நிஹால்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து அவள் வெகுநாள் வெளியே வரவில்லை.

பிறகு இத்தா, கணவனை இழந்தவள் காக்கும் காலம். மாதக்கணக்கில் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன் வரக்கூடாது. மாமியார் ஹவ்வா உம்மா துணைக்கு வந்து தங்கினார். அது அகீலா தெரிந்து ஏற்றுக்கொண்டதுதான். அவளை உலுக்கியது வேறொன்று. இறந்தவனுக்காகக் கத்தம் ஓதிய சோறு ஆறுமுன்னே, வெளியே நின்று நிஹாலின் வாப்பாவுக்குத் தம்பியான கச்சி முகம்மது சாச்சா பேசியது ஜன்னல் வழியாக வந்து விழுந்தது.

“கட சும்மா கிடந்து என்னத்துக்கு? போன் சாமான் விக்கிற பொடியன் ஒருத்தன் கேக்கிறான். பொம்புள வீட்டுக்குள்ள இரிக்கக்குள்ள ஆரு கேள்வித்தாள் அடிக்கிற?”

கேள்வித்தாள்களுக்குப் பொறுப்பான அதிகாரி வினாயகமூர்த்தி சேர்கூட மரண வீட்டுக்கு வந்தார். பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் போனதுதான் அகீலாவைப் பயமுறுத்தியது. அடுத்த கிழமைக்குள் தாள்கள் போய்ச் சேராவிட்டால் வேலை நகரத்திலுள்ள வேறொரு அச்சகத்துக்குப் போகும். வேலை போனால் கடையும் போகும்.

அதனால்தான் வீட்டில் இருந்தபடியே கடைக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்யும் வழியைத் தேடினாள். கொரோனாக் காலத்தில் மகளின் இணையவழி வகுப்புக்கு வாங்கிய மடிக்கணினி இருந்தது. கடையில் நிஹாலின் தம்பி றிப்ஷான் இருந்தான், அண்ணனைக் காக்கா என்றும் அவளை மதினி என்றும் கூப்பிடுகிறவன். அச்சு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன், விசைப்பலகையைக் கண்டால் ஒதுங்குகிறவன். அவனிடம் அகீலா நேரே பேசுவதில் ஹவ்வா உம்மாவுக்குச் சம்மதமில்லை. தேவைக்குப் பேசலாம் என்று மௌலவி சொல்லியும், போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“மகன், எக்ஸ் எண்டு அடிக்கட்டாம். மறுகா ஆர் ஆம்.”

“மறுகா என்ன உம்மா?”

“மறுகா… இவள் செல்றது எனக்கு வாயில வருகுதில்ல. இங்கிலீசு எழுத்த நான் எங்க கண்டன்? இந்தா புள்ள, நீயே செல்லு. நான் இதிலதான் இரிக்கன், அல்லாஹ் பாத்துக்கொள்ளட்டும்.”

அப்படித்தான் தொலைவிலிருந்து திரையைத் திறந்துவிடும் அந்த மென்பொருள் கடைக் கணினியில் ஏறியது. முதலில் இணைப்பே கிடைக்கவில்லை. பயர்வோல் என்ற காவல் மென்பொருள் மறிக்கிறது என்று கண்டு, அந்த ஒரு வாசலை மட்டும் திறக்கும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். இணைப்பு வந்தது. மடிக்கணினியில் ஒரு நீலப் பெட்டி பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. இரண்டையும் வாங்கிக்கொண்டு திரை கறுத்துப்போனது.

மறுநாளும் கறுப்பு. அந்த மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினாலும் கறுப்பு. அதற்கடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பின், இணையத்தில் யாரோ எவருக்கோ சொல்லியிருந்த பதில் ஒன்று அவள் கண்ணில் பட்டது. ஒரே பெயரில் ஒருவர் ஏற்கெனவே அந்தக் கணினிக்குள் இருந்தால், அதே பெயரில் தொலைவிலிருந்து வருபவருக்குத் திரை கறுப்பாகவே நிற்கும்.

“றிப்ஷான், நீ கணினியில ஏதும் திறந்து வெச்சிருக்கியா?”

“இல்ல மதினி. நீங்க செல்ற கட்டளைய அடிக்கிற அந்தக் கறுப்புப் பெட்டிய மட்டும்தான் திறக்கிற.”

“அதில நீ எப்பிடிப் போற?”

“மொனிட்டரப் போட்டா பூட்டுத் திரை வரும். அதில கீய மூண்ட ஒண்டா அமத்தி வேற பக்கத்துக்குப் போ எண்டு நீங்கதானே செல்லித் தந்தீங்க.”

அகீலாவின் விரல் விசைப்பலகையில் நின்றது. பூட்டுத் திரை என்றால் பூட்டுக்குப் பின்னால் ஏதோ திறந்திருக்கிறது. உள்ளே யார் என்று கேட்கும் சின்னக் கட்டளை ஒன்றைச் சொன்னாள்.

“வந்திட்டு மதினி. ரெண்டு வரி. ரெண்டிலயும் காக்காட பேர். ஒண்டு நான் இப்ப போனது. மத்தது… பக்கத்தில வேற திகதி…”

அச்சகத்துக்கு வெளியே ஓட்டோ ஒன்று போவது போனில் கேட்டது.

“மதினி, அது அண்டைய திகதி. அந்த வெள்ளிக்கிழம காலம. காக்கா இன்னும் உள்ளதான் இரிக்கார் எண்டு காட்டுது.”

ஹவ்வா உம்மாவின் கையிலிருந்து தஸ்பீஹ் மணி நழுவியது. “ஆரு? ஆரு உள்ள இரிக்கார்?”

ஆளைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, அடக்கிவிட்டு வந்து இத்தனை நாளாகியும் அந்த வரி அவனை வெளியே விடவில்லை. சாச்சா கடைக்கு வந்த நாளெல்லாம், கரண்ட் பில் ஏறும், எல்லாத்தையும் கழட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரை இருண்டு கிடந்ததால், அது ஓய்ந்துதான் இருக்கிறது என்று றிப்ஷான் கணினியின் வயரைக் கழற்றவில்லை. கழற்றியிருந்தால், உள்ளே திறந்து கிடப்பதெல்லாம் போயிருக்கும்.

“பூட்டுத் திரைக்குப் போய்க் கடவுச்சொல்ல அடி,” என்றாள் அகீலா.

றிப்ஷான் அடித்தான். திறந்ததைப் படம்பிடித்து அனுப்பினான். ஒரு மூலையில் அன்றைய கிரிக்கெட் ஓட்டங்கள். நடுவில் ஒன்பதாம் தர விஞ்ஞானத் தாள். அதை முடித்துவிட்டேன் என்று நிஹால் சொன்னதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில், ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளித்தெறிப்புப் படத்தில் ஒரு கோடு பாதியில் நின்றிருந்தது. அன்று காலை செய்த எதையும் அவன் சேமிக்கவில்லை.

“சேமி. முதல்ல அதச் சேமி.” இரண்டு தரம் சேமிக்கச் சொன்னாள். “இனி அவர்ட பேர வெளிய எடு.”

ஹவ்வா உம்மா போனை எட்டிப் பிடித்தார். “வேணா. அவன் இரிக்கட்டும். உனக்கு வேற பேர்ல போக ஏலாதா புள்ள?”

“போகலாம் மாமி. எழுத்து, கோப்பு, பிரிண்டர் எல்லாம் அவர்ட பேர்ல கட்டி வெச்சிரிக்கார். அத நான் புதுசாக் கட்டி முடிக்கக்குள்ள பரீட்சையே முடிஞ்சிரும்.” பிறகு மெல்லச் சொன்னாள்: “அவர் அங்க இல்ல மாமி. பேர்தான் இரிக்கி.”

மாமியார் போனைத் தரையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். ஒரு பானை மூடி விழுந்த சத்தம் வந்தது.

“மதினி,” என்றான் றிப்ஷான். “எனக்குக் கை போகுதில்ல.”

“கை போகாட்டி வர்ற மாசம் அந்தக் கடையில போன் கவர் வித்துக்கொண்டு நில்லு.”

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு ஒரு சொடுக்கு. “போயிட்டார்,” என்றான்.

அகீலா நீலப் பெட்டியில் நிஹாலின் பெயரையும் கடவுச்சொல்லையும் மறுபடியும் அடித்தாள். கறுப்பு. ஒரு மூச்சு இழுக்கும் நேரம் அதே கறுப்பு. பிறகு கடையின் திரை, அவள் தினமும் காலையில் பார்த்த அதே திரை, மடியில் வந்து விரிந்தது. அவள் அழவில்லை. நின்றுபோன கோட்டை எடுத்துக் கண்ணாடிவரை இழுத்தாள், எதிர்ப்பக்கம் அதே கோணத்தில் இன்னொரு கோடு போட்டாள். கேள்விகளை ஒருமுறை வாசித்தாள். அச்சுக்குக் கொடுத்தாள்.

போனுக்குள்ளிருந்து அலறல் வந்தது.

“யா அல்லாஹ்! மதினி! பிரிண்டர் தானா ஓடுது! நான் கிட்டயும் நிக்கல்ல!”

குசினியிலிருந்து ஹவ்வா உம்மா ஓடிவந்தார். கையெல்லாம் மா. “என்ன? வந்திட்டானா?” என்றவர், சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அகீலா எழுந்துபோய் அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தாள்.

“கேள்வித்தாள் மாமி. ஒன்பதாம் தரம்.”

பிறகு போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“றிப்ஷான், கத்தாம தாளப் பாரு. இடப்பக்கம் எழுத்து வெட்டுப்படுதா?”

“கொஞ்சம் வெட்டுப்படுது மதினி.”

“சரி. உள்ளுக்கு எடுக்கிறன். நீ மத்தக் கட்டுக் கடதாசிய உடச்சு வை.”