மிதித்தேன் என்றாள் மகள்

காரில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் என் மகள் சுமதி. பக்கத்து சீட்டில் நான். பின்னால் மருமகன் தினகரன். அவர் பக்கத்தில் சென்னையில் வாங்கிய புது கிரைண்டர். அதற்கும் சீட் பெல்ட் போட்டுவிட்டிருந்தார். அவ்வளவு ஜாக்கிரதையான ஆள்.

ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரம் திரும்பிக்கொண்டிருந்தோம்.

சுமதி க்ரூஸ் கண்ட்ரோல் போட்டிருந்தாள். ஒரு பட்டன். எண்பதில் வைத்தால் கார் தானாக எண்பதிலேயே ஓடும். ஆக்ஸிலேட்டரில் கால் வேண்டாம். பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும் — விட்டுவிட வேண்டும்.

விடவில்லை.

முன்னால் போன லாரி வேகம் குறைத்தது. சுமதி பிரேக் மிதித்தாள். கார் குறைந்தது. காலை எடுத்தாள். கார் மறுபடி பாய்ந்தது... லாரியைப் பார்த்து. பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே பட்டனைத் தேடி அணைத்தாள். நின்றோம். லாரியின் பின்பலகையில் ஒட்டியிருந்த சேறு வரைக்கும் தெரிந்தது.

சுமதி காரை ஓரங்கட்டினாள். பின்னால் வந்த பைக்காரர் ஒருவர் அவள் ஜன்னலோரம் ஏதோ திட்டிவிட்டுப் போனார். அப்புறம் மருமகன் சொன்னார்.

"பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சிட்ட."

"பிரேக்கதாங்க மிதிச்சேன்."

"பிரேக்க மிதிச்சா கார் எதுக்கு ஓடுது?"

மீதி தூரம் அவர் ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே பஸ்ல போ. முடியலன்னா வேலையே வேணாம்."

சுமதி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு பஸ் சரியாகக் கிடைக்காது. கார் இல்லை என்றால் வேலை இல்லை. அது மூன்று பேருக்கும் தெரியும்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வாலாஜாபாத் ரைஸ் மில்லில் லோடு வண்டி ஓட்டியவன் நான். பிரேக்கைப் பற்றித் தெரியும். தானாக ஓடும் காரைப் பற்றித் தெரியாது. மகளின் கால் தப்பா, காரா? காரில் கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வண்டி வைத்திருக்கிற வீட்டில் யாராவது இப்படி வேண்டுவார்களா?

நான் பிடிவாதம் பிடித்ததில் திங்கள் காலை மெக்கானிக் பாபு பாய் ஷெட்டுக்குப் போனோம். சுமதிக்கு மதியம் ஷிப்ட். கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

பாபு பாய் கோளாறு காட்டும் ஸ்கேனரைக் காரில் சொருகினார். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணும் காட்டலபா."

ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். பிரேக்கைத் தொட்டதும் க்ரூஸ் ஒழுங்காக விட்டுவிட்டது. மறுபடி பார்த்தார். அப்போதும் விட்டது.

"நல்லாத்தான் இருக்குது மாமா," என்றார் மருமகன் என்னிடம். மகளைப் பார்க்கவில்லை.

நல்ல வண்டி. அப்படியானால்?

சுமதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"பாய், நேத்து ஒரு பைக்காரர் திட்டினு போனாரு. பிரேக் லைட்டே எரியலன்னு சொன்னாரு."

"இத ஏன்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா அதுவும் என் தப்புன்னுவாங்க."

மருமகன் கிரீஸ் டப்பாவைப் பார்த்தார்.

பாபு பாய் காரின் பின்பக்கத்தை ஷெட் சுவரோடு நிறுத்தினார். சுமதியை உட்கார வைத்தார். "மிதிமா."

மிதித்தாள். சுவரில் சிவப்பு. விட்டாள். மிதித்தாள். சிவப்பு. நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். விட்டாள். மிதித்தாள். சிவப்பு. விட்டாள்.

"மிதிமா," என்றார் பாய்.

"மிதிச்சிக்கினுதான் இருக்கேன் பாய்."

சுவர் வெறும் சுவராக இருந்தது. மருமகன் குனிந்து அவள் காலைப் பார்த்தார். பிரேக்கில்தான் இருந்தது.

பாய் டார்ச்சோடு உள்ளே தலையை விட்டார். பிரேக் பெடல் ஒரு கம்பியில் தொங்குகிறது. அதன் மேல்நுனியில் சின்ன ஸ்விட்ச். பெடலை மிதித்தால் அதன் மூக்கு வெளியே வரும். உடனே பின்னால் லைட் எரியும். க்ரூஸும் விட்டுவிடும். மூக்கு உள்ளேயே ஒட்டிக்கொண்டால் காருக்கு யாரும் மிதித்ததாகவே தெரியாது.

"இங்க யாருபா சந்தனம் வச்சது?" பாயின் குரல் பெடலுக்கு மேலிருந்து வந்தது. "பொட்டு, குங்குமம் எல்லாம் இருக்குது. காது குத்தறதுதான் பாக்கி."

யார் என்று எங்களுக்குத் தெரியும். போன மாதம் ஆயுத பூஜை. மருமகன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர்கள் வீட்டில் தறியில் கால் மிதிக்கும் பலகைக்குத்தான், கால் படாத ஓரத்தில், முதல் பொட்டு. மிதிக்கிறோமே என்று. காரிலும் பிரேக்குக்கு வைத்தார். கால் படும் இடத்தில் வைத்தால் பாவம். அதனால் கையை உள்ளே விட்டு, மேலே, எந்தக் காலும் படாத இடமாகப் பார்த்து, குழைத்துத் தாராளமாக வைத்துவிட்டார். காய்ந்து இறுகி ஸ்விட்சின் மூக்கை அவ்வப்போது பிடித்துக்கொண்டது.

பக்திதான். ஆனால் பெடலுக்கு மேலே என்ன இருக்கிறது என்று யார் பார்த்தோம்?

"தொடச்சுப் போடலாமா பாய்?" என்று கேட்டேன்.

"இதுல வேணாம்பா. உயிரு சமாச்சாரம்." புது ஸ்விட்ச் வாங்கிவரச் சொல்லி மாட்டினார். சுமதி திரும்பத் திரும்ப மிதித்தாள். சுவர் ஒருமுறைகூட ஏமாற்றவில்லை.

மருமகன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். என்னிடம் நீட்டவில்லை. பாயிடமும் இல்லை.

"நீயே ஓட்டிப் பாரு," என்றார்.

"நான்தான் மிதிக்கத் தெரியாதவளாச்சே."

"சரி... தெரியாம சொல்லிட்டேன். ஓட்டு."

ஏனாத்தூர் தாண்டி மெயின் ரோடு. காலியாக இருந்தது. அவள் முன்னால். நான் பக்கத்தில். அவர் பின்னால், இந்த முறை கிரைண்டர் இல்லாமல். க்ரூஸ் போட்டாள். பிரேக்கைத் தொட்டாள். விட்டது. காலை எடுத்தாள். பாயவில்லை. என் கை மட்டும் கதவுப் பிடியை விடவில்லை.

பலமுறை பார்த்தாள். பிறகு கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள்.

"எவ்ளோல வைக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவர் தன் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"எண்பது."