ஏரி வற்றக் கூடாதென்று வேண்டிக்கொண்டவன்

வைகாசியில் எங்கள் ஏரித் தண்ணீர் குறையக் குறைய ஊருக்கே வாயில் எச்சில் ஊறும். இடுப்பளவு தண்ணீர் முழங்காலளவு ஆனதும் தண்டோரா போட்டு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் மீன் பிடிக்க இறங்கலாம். கையில் சிக்கியது அவரவர் குழம்புக்கு. எனக்குக் கல்யாணமான அடுத்த வருஷம், அறுபதுகளின் ஆரம்பம், உத்திரமேரூர் வட்டாரத்திலேயே ஒரே ஒரு ஆள் மட்டும் ஏரி வற்றக் கூடாதென்று கோயில் கோயிலாகச் சூடம் கொளுத்திக்கொண்டு திரிந்தான். அது நான்தான்.

காரணம் ஒரு வலை. என் மனைவிக்குப் பிறந்த வீடு பழையசீவரம், பாலாற்றங்கரை. காலமாகிவிட்ட என் மாமனார் தன் கையாலேயே முடிச்சுப் போட்டுப் பின்னிய வீச்சு வலை ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அவருடைய மகன், அதாவது என் மச்சான், ஆயுத பூஜையில் சாமி படத்துக்கு வைப்பதற்கு முன்னால் அந்த வலைக்குத்தான் பொட்டு வைப்பார். கல்யாணப் பந்தலில் பேச்சுவாக்கில், நான் வலை வீசினால் குடை விரிந்த மாதிரி விரியும் என்று சொல்லிவைத்திருந்தேன். மச்சான் அதை நம்பிவிட்டார். கார்த்திகை மழையில் எங்கள் ஏரி நிரம்பியபோது வலையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

"ஆத்துத் தண்ணியில பொழங்கின வலை மாப்ளே. ஏரியில எறக்கினா கோவிச்சிக்கும். பாத்துக்கோங்க."

வலை கோபித்துக்கொள்ளவில்லை. கருவேலமரத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. நான் வீசியது ஈரத் துணியை எறிந்த மாதிரி போய், தண்ணீருக்குள் பாதி முழுகி நின்ற பட்ட கருவேலத்தின் மேல் விழுந்து, ஓரத்து ஈயக் குண்டுகளின் கனத்தில் தண்ணீருக்கடியில் இருந்த கவட்டை வரை இறங்கிச் சிக்கிக்கொண்டது. இழுத்தேன். இழுக்க இழுக்க முள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நீந்திப் போய் எடுக்கலாம்தான். எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும், கரையில் நின்று பார்க்கும்வரை. அன்று பெய்த மழையில் மேலே தெரிந்த மரமும் முழுகிப்போனது.

மச்சான் வலையைக் கேட்டு வந்தபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்ததும் அதற்குத்தான் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"சகலை வந்து வாங்கிக்கினு போனாரே மச்சான். தாமல் ஏரியும் ரொம்பிடிச்சாம்."

சகலை என்பது என் மனைவியின் அக்காள் புருஷன். ஊர் தாமல். மாட்டுக்கு வைக்கோல் கேட்டால் தன் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போடுகிற மனுஷன். ஒரே குறை, மறதி. சைக்கிளில் காஞ்சிபுரம் சந்தைக்குப் போய்விட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வருவார். ஆகையால் என் பொய்யை யாரும் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நான் வாங்கலியே" என்று அவர் சொன்னபோது, அவர் குரலே அவரை நம்பவில்லை. மச்சான் அவரோடு பேச்சை விட்டார். பொங்கல் சீர் எங்கள் வீட்டுக்கு வந்தது, தாமலுக்குப் போகவில்லை. அக்காளை நினைத்து என் மனைவி மூலையில் உட்கார்ந்து அழுதாள். நான் அந்தச் சீரில் வந்த கரும்பைக் கடித்துக்கொண்டு, "அழாதே, எல்லாம் செரியாப் பூடும்" என்று ஆறுதல் சொன்னேன்.

பங்குனி வரை நிம்மதியாகத்தான் இருந்தேன். சொர்ணவாரிப் போக நடவுக்கு மதகைத் திறந்தார்கள். ஒருநாள் காலை ஏரிக்கரையில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, நடுத் தண்ணீரில் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வேப்பங்குச்சி வாயிலிருந்து விழுந்துவிட்டது. கவட்டைக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இன்னும் ஓர் ஆள் உயரம் இருந்தது. அது வெளியே வந்தால் வலை வெளியே வரும். வலை வெளியே வந்தால் நான் வெளியே வருவேன்.

அன்றிலிருந்து டீக்கடையில் மதகை மூடச் சொல்லி வாதாட ஆரம்பித்தேன்.

"ஏரியில நாலு முழம் தண்ணியாச்சும் நிக்கணும்பா. ஆடு மாடு குடிக்காதா? கொக்கு நாரை இன்னா பண்ணும்?"

"யோவ், உன் வயலே வெடிச்சிக் கெடக்குது. கொக்குக்கு அழுவறியா நீ?"

"நான் இந்தப் போகம் எள்ளு போடப்போறன்."

"நாத்து வுட்டுட்டு எள்ளு போடற மொத ஆளு நீதான்யா!"

அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் நான் நிற்கப்போகிறேன் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. தினமும் காலையில் மரத்தைப் பார்க்கப் போவேன். சித்திரையில் கிளைகள் முழுவதும் வெளியே வந்தன. வைகாசியில் கவட்டைக்கு மேல் ஒரு முழம் தண்ணீர்தான் மிச்சம். ஒரு கோடை மழை பெய்தது. ஊரே மாங்காய் உதிர்ந்ததென்று புலம்பியபோது நான் நனைந்துகொண்டே தெருவில் நடந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் தண்ணீர் விரற்கடைகூட ஏறவில்லை.

தண்டோரா போட்டார்கள். என் மனைவி அதைக் கேட்டதும் ஒரு காரியம் செய்தாள். தன் அண்ணனுக்கும் அக்காள் புருஷனுக்கும் தனித்தனியாக ஆள் அனுப்பி, இரண்டு பேரையும் மீன் பிடிக்க வரச் சொல்லிவிட்டாள்.

"ஒரே சேத்துல நின்னா பேசித்தானேங்க ஆவணும்? வலை போனாப் போவுது, மனுசாளு வேணாவா?"

நியாயமான பேச்சு. நான் மறுபடியும் மரத்தைப் பார்க்கப் போனேன்.

விடிந்தது. கரையில் ஊரே நின்றது. பாதிப் பேர் கையில் அடியில்லாத மூங்கில் கூடை. சேற்றில் கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டு உள்ளே அகப்பட்ட மீனைத் துழாவி எடுப்பது அதில்தான். எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு, ஊர்ப் பெரியவர் துண்டை வீசும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. எனக்கு இந்தப் பக்கம் மச்சான், அந்தப் பக்கம் சகலை. நடுவில் நான், ஓடத் தயாராக. என் திட்டம் எளிமையானது. எல்லோரும் மதகோரப் பள்ளத்துக்கு ஓடுவார்கள், விரால் அங்கேதான் அடையும். நான் மட்டும் மரத்துக்கு ஓடி, வலையை அறுத்துச் சேற்றுக்குள் அமுக்கிவிடுவேன்.

துண்டு பறந்தது. ஓடினேன். இருபது அடி போனதும் பின்னால் மச்சான் குரல் கேட்டது.

"டேய், எங்க மாப்ளே தெனம் வந்து ஏரியப் பாத்துக்கினு கெடந்தாருன்னு தங்கச்சி சொல்லிச்சி! எடம் தெரிஞ்சிதான் ஓடறாரு! வாங்கடா!"

திரும்பிப் பார்த்தேன். பாதி ஊர் என் பின்னால் வந்துகொண்டிருந்தது.

கவட்டைக்கு மேல் சாண் தண்ணீர் இருந்தது. கலங்கல் தண்ணீர், நல்ல வேளை. கை விட்டுப் பார்த்தேன். பாசி பிடித்து, பாதி மக்கி, வலை அங்கேயேதான் இருந்தது. இழுத்துக் கீழே போட்டு அதன் மேல் இரண்டு காலையும் வைத்து நின்றுகொண்டேன். நின்றவன் நகரவில்லை. என்னைச் சுற்றிக் கூடைகள் விழுந்தன. கெட்ட நேரம் பாருங்கள், மரத்தடியில் நிஜமாகவே மீன் அடைந்திருந்தது. கெண்டை துள்ளியது, குறவை நழுவியது. மச்சான் கை நீளத்துக்கு ஒரு விராலைத் தூக்கிக் காட்டினார்.

"ஆத்து மீன் மாதிரியே கீது மாப்ளே! கெட்டிக்காரர்தான் நீங்க! இன்னா, நின்ன எடத்திலயே நிக்கிறீங்க?"

"இங்க ஒண்ணு இருக்குது மச்சான். பெருசு. காலால அமுக்கி வெச்சிருக்கேன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் வலக்கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் சுருக்கென்று ஏதோ இறங்கியது. முள் குத்தினால் வலி குத்தின இடத்தில் நிற்கும். இது நெருப்பு மாதிரி முழங்காலுக்கு ஏறியது. வலை மடிப்புக்குள் ஏதோ வழவழவென்று நெளிந்தது.

"பாம்பூ!"

அந்தக் குரலில் கொக்கெல்லாம் பறந்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். சகலைதான் முதலில் வந்தார். தன் கூடையையும் கையிலிருந்த விராலையும் வீசிவிட்டு, என்னை நெல்மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினார். தலையை மடியில் வைத்துக்கொண்டார். கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கிழித்து, கோவணத்தோடு உட்கார்ந்து என் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார்.

"கண்ண மூடாத சகல. எங்க, காலக் காட்டு. இன்னாடா இது, ஒரே ஓட்டைதான் கீது? பாம்புன்னா ரெண்டு பல்லு பதியுமே?"

"கெழட்டுப் பாம்பு சகல! ஒரு பல்லு வியுந்திருக்கும்!"

யாரோ வேப்பிலை உருவி வந்தார்கள். விஷம் ஏறியிருந்தால் வேப்பிலை கசக்காது என்பது எங்கள் பக்கத்துப் பரீட்சை. ஒரு பிடியை என் வாயில் திணித்தார்கள். மச்சான் குனிந்து, "கசக்குதா?" என்று கேட்டார். பயத்தில் நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. கசக்கவில்லை. இலையா துணியா என்றுகூடத் தெரியவில்லை. தலையை ஆட்டினேன், இல்லை என்று.

கூட்டம் "அடப்பாவமே" என்றது. அத்தோடு நான் செத்துவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன். மேலே பார்த்தால் சகலையின் முகம், கண்ணீர் என் நெற்றியில் சொட்டுகிறது. எவன் பெயரைக் கெடுத்தேனோ அவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு சாகிறேன். மேலே போனால் கணக்குக் கேட்பார்கள் என்பதைவிட, மாமனார் அங்கேதான் இருக்கிறார் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. வலையைப் பற்றி முதலில் கேட்பவர் அவராகத்தான் இருப்பார்.

"மச்சான்! சகலை வலைய வாங்கல! நான்தான் அந்த மரத்துல மாட்டி வுட்டேன்! எனக்கு வலை வீசவே தெரியாது! அங்கதான் கெடக்குது, அதும் மேலதான் நின்னுக்கினு இருந்தேன்! மன்னிச்சிடுங்க!"

ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். அந்த நேரம் பார்த்துச் சேற்றிலிருந்து ஓர் அம்மாள், எனக்குப் பக்கத்தில் கூடை போட்டுக்கொண்டிருந்தவள், முந்தானைத் துணியில் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். கறுப்பாக, மீசையோடு, சாண் நீளம்.

"தோ, இதாங்க உங்க கெழட்டுப் பாம்பு. தேளி மீனு. வலைக்குள்ள கெடந்துது. முள்ளால போட்டுடிச்சி. நாள் முச்சூடும் வலிக்கும், உசுருக்கு ஒண்ணும் ஆவாது. அந்தத் துணிய அவுருங்க, கால் அழுவிடப் போவுது."

அந்தக் கணத்தில் வேப்பிலை கசந்தது பாருங்கள், இன்றுவரை அப்படி ஒரு கசப்பைக் கண்டதில்லை. சுற்றிலும் சிரிப்பு வெடித்தது. சாவு ரத்தாகிவிட்டது. வாக்குமூலம் மட்டும் ரத்தாகவில்லை. பேசாமல் பாம்பாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மச்சான் ஏரிக்குள் இறங்கி வலையை இழுத்து வந்தார். இழுத்த இடமெல்லாம் நூல் கையோடு வந்தது. ஓரத்து ஈயக் குண்டுகள் மட்டும் முழுசாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அறுத்து மேல்துண்டில் முடிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எய்ந்து வாடா வூட்டுக்கு."

கல்யாண நாளிலிருந்து "வாங்க போங்க" என்றவர்.

மத்தியானம் மூன்று பேரும் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்தோம். என் கால் பூசணிக்காய் அளவு வீங்கியிருந்தது. விஷயம் எங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. என் மனைவி எனக்கு மட்டும் வெறும் குழம்பை ஊற்றிவிட்டுப் போனாள். மச்சான் விரால் தலையை எடுத்துச் சகலையின் இலையில் தானே வைத்தார். சகலை அதைத் தொடவில்லை. இனி என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"ஆறு மாசமா எங்க வூட்டுப் பரண் பூரா கொட்டிக் கவுத்துத் தேடிக்கினு கீறன்" என்றார் சகலை மெல்ல. "மாட்டுக் கொட்டாய், வெக்கப்போரு, ஒண்ணு வுடல. நான்தான் வாங்கியாந்து எங்கியோ வெச்சிட்டு மறந்துட்டன்னு நெனச்சன். வாங்கினது நெனவில்ல, வாங்கலன்னும் நெனவில்ல. ராவுல எய்ந்துகூடத் தேடியிருக்கன்." நிமிர்ந்தார். முகமெல்லாம் விரிந்துவிட்டது. "அப்போ நான் மறக்கல! மச்சான், எனக்கு ஞாபகமெல்லாம் செரியாத்தான் கீது!"

ஓர் அடி கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் சந்தோஷப்பட்டதுதான் தாங்கவில்லை. விரால் தலையை ரசித்துச் சாப்பிட்டார். தன் மனைவியிடம் இதை உடனே சொல்ல வேண்டும் என்று என் வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸுக்குத் துள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் என் மனைவி வாசலில் பார்த்தாள். தாமலுக்கென்று கட்டிவைத்த மீன் பை ஆணியிலேயே தொங்கியது.

மச்சானும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஓடு. பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள குடுத்துடு. மறந்துட்டீங்கன்னு மட்டும் சொல்லாத."

"வேற இன்னா மச்சான் சொல்றது?"

"நீதான் எடுத்து ஒளிச்சி வெச்சன்னு சொல்லு. பொய் சொல்றது ஒனக்கு இன்னா புதுசா?"

ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சகலை ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து ஆளிடம் தன் ஞாபக சக்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்கப் பையை நீட்டி, மச்சான் சொன்னபடியே சொன்னேன். என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"திருட்டுப்பயல் சகல நீ. இது எங்கடா காணோம்னு இப்பதான் யோசிச்சிக்கினு இருந்தன்!"