பெருமாள்... அப்புறம்?

இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைக்க என்னிடம் எதுவும் இல்லை. போன திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

டெல்லியில் எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் ஐந்தாறு வீடுகளுக்கு வேலைக்கு வருபவள் அஞ்சலை. விழுப்புரம் பக்கம். அவள் கணவர் பெருமாள் பெயிண்டர். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கும் பலகையில் நின்றுகொண்டு வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். அந்த வேலைக்குத் துணிச்சல் மட்டும் போதாது. கயிறு எவ்வளவு தள்ளி இருக்கிறது, பலகை எங்கே முடிகிறது என்றெல்லாம் கண்தானே சொல்ல வேண்டும்?

மழைக்காலத்தில் ஒரு நாள், அவருடைய வலது கண்ணில் ஓரமாகத் திரை விழுந்த மாதிரி இருட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விழித்திரை பிரிய ஆரம்பித்திருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். அடுத்த வியாழக்கிழமைக்கே தேதி கொடுத்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்குள் தேதி... அஞ்சலை அதை வேலை செய்யும் எல்லா வீட்டிலும் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு போனார் பெருமாள். கவுண்டரில் இருந்தவர் அட்டையிலிருந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். மறுபடி தட்டினார். "ரிகார்ட் நஹீ ஹை" என்றார். அப்படி ஒரு பதிவே இல்லையாம்.

டாக்டர் கைப்பட எழுதிய தேதி அட்டையில் இருக்கிறதே? இருந்தால் போதாதாம். ஆபரேஷன் பட்டியலைக் கம்ப்யூட்டர்தான் போடுகிறது. அதில் பெருமாள் இல்லை. புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். புதிதாகப் பதிவு செய்தால் புது நோயாளி. புது நோயாளிக்கு இடம் வரிசையின் கடைசியில்.

மறுநாள் காலையில் அஞ்சலை வந்ததும் கேட்டேன்.

"ஆபரேஷன் ஆச்சா?"

"எங்கம்மா... கம்ப்யூட்டர்ல பேரு இல்லயாம். அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க."

"டாக்டரைப் பாத்துச் சொல்ல வேண்டியதுதானே?"

"உள்ளயே வுடலம்மா. ஜாவோ ஜாவோன்னு வெரட்டறான். எனக்குத் தெரிஞ்ச இந்தியில எவ்ளோ கெஞ்ச முடியுமோ அவ்ளோ கெஞ்சிட்டேன்."

ஆபீசுக்கு போன் செய்து தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டு, இருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் சண்டை போட்டதில், கம்ப்யூட்டர் செக்ஷனுக்குப் போங்கள் என்று கையைக் காட்டினார்கள். ஆஸ்பத்திரியிலேயே ஏஸி ஓடிய முதல் அறை அதுதான். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

உள்ளே கன்னா என்ற அதிகாரி. மரியாதைக்காரர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"மேடம், போன ஞாயிற்றுக்கிழமை டேட்டாபேஸ் அப்கிரேட் பண்ணினோம். புது வெர்ஷன். தோடா பஹுத் கம்பாட்டிபிலிட்டி பிராப்ளம் தோ ஹோதா ஹை" என்றார். பழையதும் புதியதும் ஒத்துப்போவதில் கொஞ்சம் நஞ்சம் சிக்கல் வரத்தானே செய்யும் என்கிறார். "பேஷண்ட் கா நாம்?"

"பெருமாள்."

"ஆகே?"

பெயருக்குப் பின்னால் என்ன என்று கேட்கிறார்.

"பின்னால் ஒன்றும் இல்லை. பெருமாள், அவ்வளவுதான்."

கன்னா புன்னகைத்தார். "அதுதான் மேடம் பிராப்ளம்."

விஷயம் இதுதான். பழைய சாஃப்ட்வேரில் குடும்பப் பெயருக்கென்று இருந்த கட்டத்தைக் காலியாக விடலாம். புதியதில் விட முடியாது. பழைய தகவல்களைப் புதியதற்கு மாற்றியபோது, அந்தக் கட்டம் காலியாக இருந்த ஆட்களை அது ஏற்றுக்கொள்ளவில்லை.

"மாற்றுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கவில்லையா?"

"பார்த்தோமே... எங்க ஸ்டாஃப் பேரையெல்லாம் போட்டுப் பார்த்தோம். எக்தம் ஓகே."

கன்னா, ஷர்மா, குப்தா, அரோரா. ஓகே ஆகாமல் என்ன செய்யும்?

"ஆனா ஒரு ரிகார்டும் தொலையலை, மேடம்" என்று ஆறுதலாகச் சொன்னார். ஏற்காமல் தள்ளியவற்றுக்கு ரிஜெக்ட் ஃபைல் என்று ஒன்று தனியாக இருக்கிறதாம். திறந்து காட்டினார். பெருமாள் இருந்தார். அவருக்கு மேலும் கீழும் மாரியம்மாள், பூல்மதி, ராஜு, காளி, சல்மா, முனியன்... திரை ஓடிக்கொண்டே இருந்தது. ஒற்றைப் பெயர் வைத்திருந்த நம் ஊர்க்காரர்கள். கட்டடத்தில் செங்கல் சுமக்க வந்த பீகார்ப் பெண்கள். பெயருக்குப் பின்னால் என்ன என்று யாரும் கேட்டிராத ஜனங்கள்.

"இதை எப்போது ஏற்றுவீர்கள்?"

"கம்பெனி இன்ஜினியர் வரணும். தீபாவளிக்கு அப்புறம்."

"இவருக்குக் கண் போய்விடும், சார்."

"நான் கம்ப்யூட்டர் மட்டும்தான் பார்க்கிறேன், மேடம். டாக்டர்கிட்ட பேசுங்க."

டெல்லிக்கு வந்த புதிதில் என்னையும் இந்தக் கேள்வி கேட்டார்கள். என் கணவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து போனில் வருகிறவர்கள் என்னை மிசஸ் ராமநாதன் என்கிறார்கள், நானும் சரி என்கிறேன். நமக்கெல்லாம் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று தெரியும். பெருமாள் கேட்டதற்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசிலும் இதே மாதிரி அப்கிரேட் நடந்தது. மறுநாள் பார்த்தால் மேலதிகாரிகளின் லீவு கணக்கில் குளறுபடி. கம்பெனி இன்ஜினியர் எப்போது வந்தார் தெரியுமா? அன்று மத்தியானமே. அதற்கு எந்தப் பண்டிகையும் முடிய வேண்டியிருக்கவில்லை.

டாக்டரைப் பார்த்தோம். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். "பட்டியலில் இல்லாதவரை நான் தியேட்டருக்குள் கொண்டுபோக முடியாது. புதுப் பதிவில் எவ்வளவு முன்னால் போட முடியுமோ போடுகிறேன்" என்றார். போடவும் செய்தார். ஆனால் அந்தத் தேதி வருவதற்குள் ஓரத்தில் இருந்த திரை நடுவுக்கு வந்துவிட்டது. ஆபரேஷன் நடந்தது. பார்வை திரும்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார் பெருமாள். நாற்காலியில் உட்காரும்போது கையால் துழாவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"வேலைக்குப் போறீங்களா?" என்றேன்.

"கீழ நின்னு கலர் கலக்குறேம்மா. மேல ஏத்த மாட்டேங்கறாங்க. அவங்க சொல்றதும் நாயந்தான்... நான் உளுந்துட்டா அவங்கதான பதில் சொல்லணும்."

ஆஸ்பத்திரி பதில் சொல்லுமா என்று அவர் கேட்கவில்லை. நானாவது கேட்கலாம் என்றுதான் போன திங்கட்கிழமை மூவரும் போனோம். புகார் எழுதுவதற்காக, அவருடைய சிகிச்சை விவரங்களை அச்செடுத்துத் தரச் சொன்னேன்.

இந்த முறை பெருமாள் கம்ப்யூட்டரில் இருந்தார். தீபாவளிக்குப் பிறகு இன்ஜினியர் வந்து, ரிஜெக்ட் ஃபைலில் இருந்தவர்களை எல்லாம் ஏற்றிவிட்டாராம். தாள் வந்தது. அந்த வியாழக்கிழமைக்கு நேரே ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. தேதி கொடுத்து ஆபரேஷன் நடக்காமல் போனால், கம்ப்யூட்டர் தானாகவே அதைப் போட்டுவிடும் என்றார் கவுண்டர்காரர்.

"என்னாம்மா போட்டிருக்குது?" என்றாள் அஞ்சலை.

படித்தேன். "ஆபரேஷனுக்கு நோயாளி வரவில்லை."

அஞ்சலை என்னைப் பார்த்துக் கேட்டாள். "வரலயா? அப்ப அன்னிக்குப் பூரா பச்சத் தண்ணி குடிக்காம இந்த பெஞ்சில உக்காந்திருந்தது யாரும்மா?"

திருத்தித் தரச் சொன்னேன். பழைய தேதியில் இனி யாரும் கை வைக்க முடியாது, சிஸ்டம் பூட்டிவிட்டது என்றார் கவுண்டர்காரர். பிறகு அந்தத் தாளை வாங்கி, நாங்கள் கேட்காமலே ஆஸ்பத்திரி முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

அதற்கு மட்டும் வரிசையே இல்லை.